ஒரு வால்வு ஆம்ப், ஐந்து ஹெட்போன்கள்: 120 ஓம் செய்த வேலை

கோவையில் என் வீட்டு மாடி அறையில் ஒன்றரை வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் வால்வு ஆம்ப் (பழைய ரேடியோக்களில் இருந்த மாதிரி கண்ணாடி வால்வுகளால் ஹெட்போனை ஓட்டும் கருவி) நானே கட்டியது. அதில் சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போனை மாட்டிக் கேட்டவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: குரல் நிறைவாக இருக்கிறது, மிருதங்கத்தின் தொப்பி (ஆழ்ந்த ஒலி தரும் இடது பக்கம்) நெஞ்சில் இறங்குகிறது. அதைக் கேள்விப்பட்டு திருப்பூர் நண்பர் ஒருவர் தன்னுடைய ஹைஃபைமேன் சன்டாரா ஹெட்போனை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பத்து நிமிடம் கேட்டார், கழற்றி மேசையில் வைத்தார். "அண்ணே, நீங்க சொன்ன வால்வு சவுண்டு எங்கே? என் வீட்டு ஆம்ப்ல இதைவிட நல்லா இருக்கே."

வாங்கிக் கேட்டேன். அவர் சொன்னது சரிதான். குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினால்தான் சத்தமே வருகிறது, வந்த பிறகு தவில் அடி ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கரகரப்பு. அதே ஆம்ப், அதே பதிவு, அதே வயர். எச்டி 650-ஐ மாட்டினால் சொர்க்கம், இதை மாட்டினால் இப்படி. அப்படியானால் நான் இத்தனை நாள் "வால்வின் ஒலி" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது எதை? இந்தக் கேள்வி என்னை மூன்று மாதம் விடவில்லை. கையில் இருந்த நான்கு, நண்பர் விட்டுப்போன ஒன்று, ஆக ஐந்து ஹெட்போன்களை வைத்து முடிந்தவரை ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆம்ப். கதையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. இது அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இல்லாத வகை. உள்ளே வரும் சிக்னலை 12ஏயு7 வால்வு பெருக்குகிறது, அதன் பிளேட்டிலிருந்து (பெருக்கிய சிக்னல் வெளிவரும் முனை) நடுவில் கெபாசிட்டர் எதுவும் இல்லாமல் நேராக 6080 வால்வின் கிரிட்டுக்கு (சிக்னலை வாங்கும் முனை) போகிறது, அந்த 6080 கேத்தோடு ஃபாலோயராக, அதாவது வோல்டேஜைப் பெருக்காமல் கேத்தோடு என்ற முனையிலிருந்து கரண்ட்டை மட்டும் தரும் நிலையில் நின்று 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வழியாக ஹெட்போனை ஓட்டுகிறது. நாமே கட்டிக்கொள்ளும் கிட்டாக வந்த பாட்டில்ஹெட் கிராக் ஆம்ப்பும் இதே குடும்பம்தான், ஆகவே என் வடிவமைப்பில் புதுமை என்று எதுவும் இல்லை. 6080 இசைக்காகப் பிறந்த வால்வே அல்ல, பவர் சப்ளைகளில் வோல்டேஜை நிலையாகப் பிடித்து வைக்கச் செய்தது. அதன் பெருக்கம் வெறும் 2, ஆனால் கரண்ட்டைத் தாராளமாகத் தள்ளும். வால்வைச் சூடாக்கும் ஃபிலமென்ட்டுக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் கேட்கும், அதனால் டிரான்ஸ்பார்மரை மோட்டார் காயில் கட்டும் ஒருவரிடம் தனியாகச் சொல்லிச் சுற்றி வாங்கினேன். பிளேட் சப்ளை 180 வோல்ட், 6080-இன் கேத்தோடு 100 வோல்ட்டில் நிற்கிறது, அதன் கீழே 3 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஆகவே சும்மா இருக்கும்போது ஒவ்வொரு பக்கமும் ஓடுவது சுமார் 33 மில்லி ஆம்பியர். இந்த 33-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

யாராவது இதைக் கட்டப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 180 வோல்ட் டிசி கொல்லும். சுவிட்சை அணைத்த பிறகும் சப்ளை கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும், மல்டிமீட்டரில் பார்த்து இறங்கிவிட்டது என்று உறுதி செய்துகொள்ளாமல் உள்ளே விரல் போகக்கூடாது. ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்துத்தான் ஹெட்போனை மாட்ட வேண்டும், ஏனென்றால் அவுட்புட் கெபாசிட்டர் 100 வோல்ட் வரை சார்ஜ் ஏறும்போது அந்தக் கரண்ட் ஹெட்போன் வழியாகப் போகவே கூடாது. அது வேறு வழியில் போக, அவுட்புட்டில் குறுக்கே ஒரு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம்.

சரி, அளவுக்கு வருவோம். ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஹெட்போனோடு தொடராக நிற்கிற மாதிரி ஆம்ப்புக்குள் இருக்கும் மின்தடை, என்ன என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சுமை இல்லாமல் அவுட்புட்டில் 1 வோல்ட் வருகிற மாதிரி ஒரு டோனை (ஒரே அலைவரிசையில் ஒலிக்கும் ஓசை) வைத்தேன், பிறகு ஹெட்போனுக்குப் பதிலாக 100 ஓம் ரெசிஸ்டரைப் போட்டேன், 0.46 வோல்ட்டாக இறங்கியது. கணக்குப் போட்டால் 117 ஓம், பேச்சுக்கு 120 என்று வைத்துக்கொள்ளலாம். டோனை 400 ஹெர்ட்ஸில் வைத்தேன், காரணம் சாதாரண மல்டிமீட்டர்கள் ஏசியைச் சரியாகக் காட்டுவது சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான், 1 கிலோ ஹெர்ட்ஸில் என்னுடையது குறைத்துக் காட்டியது.

120 ஓம் என்பது விசித்திரமான எண் அல்ல. ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரம் 1996-இல் ஹெட்போனை ஓட்டும் கருவிக்குச் சொன்ன அளவும் 120 ஓம்தான். இன்றைக்கு வழக்கத்தில் இருப்பது எட்டில் ஒரு பங்கு விதி, அதாவது ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் ஹெட்போனுடையதில் எட்டில் ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த விதிப்படி பார்த்தால் 300 ஓம் எச்டி 650-க்குக்கூட என் ஆம்ப் தேறாது.

ஒப்பிடுவதில் எனக்கு அதிக நேரம் எடுத்தது சத்தத்தைச் சமப்படுத்துவது. இதைச் செய்யாத எந்த ஒப்பீட்டையும் நான் இப்போது நம்புவதில்லை, என்னுடைய பழைய ஒப்பீடுகள் உட்பட. அரை டெசிபல் கூடுதலாக இருந்தால் காது அதைச் "சத்தம் அதிகம்" என்று சொல்லாது, "தெளிவாக இருக்கிறது, உயிரோட்டம் இருக்கிறது" என்று சொல்லும். ஒரே ஹெட்போனை இரண்டு ஆம்ப்பில் ஒப்பிடும்போது ஹெட்போனை மாட்டியபடியே முனைகளில் வோல்டேஜ் பார்த்து 1 சதவீதத்துக்குள் கொண்டுவந்தேன், அது ஏறத்தாழ 0.1 டெசிபல். வெவ்வேறு ஹெட்போன்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடும்போது இது உதவாது. அதற்கு ஒரு தடித்த அட்டையில் துளை போட்டு அதில் சிறிய மைக்கைப் பதித்து, இயர்பேடை அட்டைமேல் அழுத்தி, பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டுச் சமப்படுத்தினேன். அது மனிதக் காது இல்லை, அதனால் ஒரு டெசிபல் முன்பின் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டேன். ஒப்பிட வைத்த மற்றொரு ஆம்ப் 2011-இல் வெளியான ஓ2 வடிவமைப்பில் நான் முன்பே கட்டிய டிரான்சிஸ்டர் வகை, அதன் அவுட்புட் இம்பிடன்ஸ் அரை ஓம்தான்.

கேட்டவை: ஒரு வயலின் கச்சேரிப் பதிவு, மிருதங்கமும் கடமும் உண்டு. ஒரு நாகஸ்வரம் தவில் பதிவு, கோயில் மண்டபத்தில் எடுத்தது. தம்பூரா மட்டும் ஐந்து நிமிடம் ஓடும் ஒன்று. இவற்றை எடுத்ததற்குக் காரணம் எனக்கு அந்த ஓசைகள் நேரில் தெரியும். என் சித்தப்பா மிருதங்கம் வாசிப்பவர், தொப்பியில் ரவைப் பசையைக் கூடுதலாக ஒட்டினால் ஒலி எவ்வளவு இறங்கும் என்பதைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

எச்டி 650. 2003-இல் வந்தது, பெயருக்கு 300 ஓம். ஆனால் எல்லா அலைவரிசையிலும் 300 இல்லை. 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ட்ரைவரின் (உள்ளே அதிர்ந்து ஒலி தரும் பாகம்) இயற்கை அதிர்வு இருக்கிறது, அங்கே 500 ஓம் அளவுக்கு ஏறுகிறது. இப்போது 117 ஓமைத் தொடராக வைத்துப் பாருங்கள். 300 ஓம் இருக்கும் இடத்தில் ஆம்ப் தருவதில் 72 சதவீதம் ஹெட்போனுக்குப் போகிறது, 500 இருக்கும் இடத்தில் 81 சதவீதம். வித்தியாசம் 1 டெசிபல். அதாவது இந்த ஆம்ப்பில் மாட்டிய உடனே தொப்பி விழும் பகுதிக்கு அகலமான, மெதுவாக ஏறி இறங்கும் 1 டெசிபல் மேடு கிடைக்கிறது. ஒரு டெசிபல்தானே என்று தோன்றும். ஒரு குறுகிய இடத்தில் என்றால் கவனிக்கவே மாட்டோம், இப்படி அகலமாக வந்தால் மொத்த நிறமே மாறுகிறது. தொப்பியில் கும்கி (கையை அழுத்திச் சறுக்கும் அடி) கொடுக்கும்போது அந்தச் சறுக்கல் நீளமாகக் கேட்கிறது, ஆண் குரலுக்கு மார்பு கிடைக்கிறது. ஓ2-வில் அதே பதிவு இன்னும் ஒழுங்காக, கொஞ்சம் ஒல்லியாக இருந்தது. எனக்குப் பிடித்தது வால்வில் கேட்டதுதான், அதில் மாற்றமில்லை.

சன்டாரா இதற்கு நேர் எதிர். பிளானர் வகை, மெல்லிய படலத்தில் கோடு கோடாக ஒட்டிய கடத்திதான் அதன் காயில், அதனால் இம்பிடன்ஸ் மேலிருந்து கீழ் வரை ஒரே கோடு, 37 ஓம். தொடரில் 117 ஓம் வந்தால் எல்லா அலைவரிசையும் ஒரே அளவில், 12 டெசிபலுக்கு மேல் குறையும், ஆனால் நிறம் மாறாது. நண்பர் தேடி வந்த அந்த மேடு அவருக்குக் கிடைக்க வழியே இல்லை. சரி, குமிழைத் திருப்பினால் போதாதா என்றால் அங்கேதான் 33 மில்லி ஆம்பியர் வருகிறது. சன்டாராவின் உணர்திறன் 1 மில்லி வாட்டுக்கு 94 டெசிபல். தவில் மாதிரி பதிவில் சராசரி 85 டெசிபலில் கேட்டாலும் அடியின் உச்சம் 110 வரை போகலாம், அதற்கு 40 மில்லி வாட் வேண்டும், 37 ஓமில் அது உச்சமாக 46 மில்லி ஆம்பியர். இப்படி ஒரே வால்வு முழு அலையையும் ஓட்டும் சிங்கிள் எண்டட் ஆம்ப், தான் சும்மா ஓட்டும் கரண்ட்டைவிட அதிகமாக அலையின் ஒரு பக்கத்துக்குத் தர முடியாது, அந்த இடத்தில் வால்வு முழுதாக மூடிக்கொள்கிறது, அலையின் ஒரு பக்கம் வெட்டுப்படுகிறது. நாங்கள் கேட்ட கரகரப்பு அதுதான். எச்டி 650-இல் இதே 110 டெசிபலுக்கு 2.24 வோல்ட் வேண்டும், கரண்ட் உச்சமாக 11 மில்லி ஆம்பியர்கூட இல்லை, வால்வு வியர்க்காமல் செய்துவிடும். நண்பர் தன் காதை நம்பியது எவ்வளவு சரி என்று கணக்குப் போட்டு முடித்த அன்றைக்கே அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

கிராடோ எஸ்ஆர்80இ எனக்கு ரொம்பப் பிடித்த ஹெட்போன், வயலினின் வில் உராய்வை அதுபோல் இன்னொன்று காட்டாது, அதனால் இதில் வந்த முடிவு வருத்தம்தான். 32 ஓம், ஆனால் என் ஜோடியில் அளந்தபோது 100 ஹெர்ட்ஸ் பக்கம் 50 ஓம் வரை ஏறியது. எச்டி 650-இல் நடந்ததே இங்கேயும் நடக்கிறது, ஆனால் 117 ஓமுக்கு முன்னால் 32-உம் 50-உம் ரொம்பச் சிறியவை என்பதால் மேடு ஏறத்தாழ 3 டெசிபலாகிவிடுகிறது. முதல் பத்து நொடிக்கு "அடடா, கிராடோவில் பேஸ்!" என்று தோன்றியது. அப்புறம் கடமும் தொப்பியும் ஒரே "தும்" ஆகக் கலந்தன, கடத்தின் வாயில் கை வைத்து மூடித் திறக்கும் அந்த மாற்றம் போய்விட்டது. ஒரு இடத்தை மட்டும் தூக்கிவிட்டு அதற்குக் கீழே உள்ளதைத் தூக்காமல் விடுவதால் வரும் குறை இது. உணர்திறன் அதிகம் என்பதால் சன்டாரா அளவுக்கு வெட்டுப்படவில்லை. இன்னொன்று, கட்டிய புதிதில் என் ஆம்ப்பில் ஒரு உறுமல் இருந்தது, எச்டி 650-இல் அது காதுக்கே வராது, கிராடோவில்தான் பிடிபட்டது. மடிக்கணினியில் அலைவரிசை பார்த்தபோது 50 ஹெர்ட்ஸ். 100 ஆக இருந்தால் ரெக்டிஃபையர் பக்கம் சந்தேகப்பட வேண்டும், 50 என்றால் ஃபிலமென்ட் வயரோ டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலமோ. 12ஏயு7-ஐ டிரான்ஸ்பார்மருக்கு அருகில் வைத்தது என் தவறு. டிரான்ஸ்பார்மரைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்து, ஃபிலமென்ட் வயர்களை இறுக்கி முறுக்கிய பிறகு அடங்கியது.

பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம். இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இம்பிடன்ஸ் உயர்வு, ஆம்ப் சுலபமாக ஓட்டுகிறது, பேஸில் மேடு எச்டி 650-ஐவிடச் சின்னது. இந்த ஹெட்போனின் கூர்மையான ட்ரெபிளை (உயர்ந்த ஒலிகளை) வால்வு மென்மையாக்கும் என்று பலரும் சொல்வார்கள், நானும் அதை எதிர்பார்த்துத்தான் மாட்டினேன், நாகஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போனபோது ஓ2-வில் எவ்வளவு குத்தியதோ அவ்வளவே இதிலும் குத்தியது. அளந்தும் பார்த்தேன், இரண்டிலும் மேல் அலைவரிசை ஒரே கோட்டில்தான் இருக்கிறது.

ஐந்தாவது, பல ட்ரைவர் கொண்ட, காதுக்குள் செருகும் ஒரு இன்-இயர். இதை மாட்டக்கூடாது என்று தெரிந்தேதான் ஆம்ப்பில் வைத்தேன், ஆனால் காதால் கேட்க வேண்டும் என்று ஆசை. ஓர் அலைவரிசையில் 10 ஓம், இன்னொன்றில் 40 ஓம் என்று என்னுடையது அளவு காட்டியது, 117 ஓமோடு கணக்குப் போட்டால் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் 10 டெசிபல் ஏற்றத்தாழ்வு. தம்பூராவின் ஜீவாளி (அந்த ரீங்காரம்) காணாமல் போய், தகர டப்பாவுக்குள் மீட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. குமிழை ஆரம்பத்திலேயே வைக்க வேண்டியிருந்ததால் இடது வலது சமமாக இல்லை, பின்னணி இரைச்சல் தனி. இரண்டு நிமிடத்தில் கழற்றிவிட்டேன்.

இதுவரை வந்தது எல்லாம் இம்பிடன்ஸ் கணக்கு. எனக்கு வேண்டியது வேறு. எச்டி 650-இல் எனக்குப் பிடித்தது அந்த 117 ஓம் மட்டும்தானா, இல்லை வால்வுக்கென்று ஏதாவது இருக்கிறதா? இதற்கு வழி சுலபம். ஓ2-வின் வெளியே ஒவ்வொரு பக்கமும் 120 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து ஒரு சின்னப் பெட்டியில் அடைத்தேன். பெட்டியில் ஒரு சுவிட்ச், ஒரு பக்கம் தள்ளினால் வால்வு, மறுபக்கம் ரெசிஸ்டர் வைத்த ஓ2. சத்தம் சமம். சுவிட்ச் என் தங்கை மகன் கையில், நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன், அவன் நோட்டில் குறித்துக்கொண்டான். "மாமா, இப்ப எது?" என்று கேட்பான், நான் சொல்வேன், சரியா தவறா என்று முடியும்வரை சொல்லக்கூடாது.

முதலில் ரெசிஸ்டர் இல்லாமல் வெறும் ஓ2-வோடு வைத்தபோது கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் வால்வைச் சரியாகப் பிடித்தேன், தொப்பியைக் கேட்டால் போதும். ரெசிஸ்டரைச் சேர்த்த பிறகு பாதிக்குப் பாதிதான், அதாவது ஊகம். இரண்டு நாள் விட்டு, காது ஓய்வாக இருந்த காலை நேரத்தில் மறுபடியும் செய்தோம், அப்படியேதான் வந்தது. எச்டி 650-இல் நான் ஒன்றரை வருடமாக ரசித்த அந்த இளஞ்சூடு, சாதாரண சத்தத்தில், ஏறக்குறைய முழுவதும் இரண்டு ரெசிஸ்டருக்குள் அடங்கிவிட்டது.

வால்வு சேர்க்கிற இரண்டாவது ஹார்மோனிக் (மூல ஒலியின் இரு மடங்கு அலைவரிசையில் வரும் துணை ஒலி) எங்கே போனது என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். 300 ஓம் சுமையில், நான் கேட்கிற அளவில், அது ரொம்பக் குறைவாகத்தான் இருக்கிறது. நம் இசைக்கு இதில் ஒரு தனிக் காரணமும் இருக்கலாம் என்பது என் எண்ணம். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலது பக்கம்) இருக்கும் கரணை என்ற கறுப்பு வட்டப் பூச்சுதான் அதன் மேலதிர்வுகளை ஒழுங்கான ஹார்மோனிக் வரிசைக்குக் கொண்டுவருகிறது, மற்ற சாதாரணத் தோல்கருவிகளுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. சி. வி. ராமன் 1920-இலும் பிறகு 1934-இலும் எழுதிக் காட்டியது இதைத்தான். தம்பூராவும் வயலினும் ஏற்கெனவே ஹார்மோனிக்குகள் நிறைந்தவை. அங்கே ஆம்ப் சேர்க்கும் சின்ன இரண்டாவது ஹார்மோனிக் ஏற்கெனவே இருக்கும் ஒன்றின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், தனியாகத் தெரிய வாய்ப்பு குறைவு. தெரிய வைக்க வேண்டும் என்று வெறும் சைன் டோனை ஓட்டிப் பார்த்தேன், குமிழை வலிக்கும் அளவுக்கு ஏற்றிய பிறகுதான் வித்தியாசம் சொல்ல முடிந்தது.

12ஏயு7-ஐ மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததும் உண்டு, மூன்று வகை. ஒன்று கொஞ்சம் மைக்ரோபோன் மாதிரி, மேசையைத் தட்டினால் மணி அடித்தது, அதை ஒதுக்கினேன். மற்ற இரண்டையும் சத்தம் சமப்படுத்திய பிறகு என்னால் பிரிக்க முடியவில்லை. 6080-க்குப் பதிலாக சோவியத் தயாரிப்பு 6என்13எஸ் போட்டாலும் அதே கதை. இதற்காக அதிக விலை கொடுத்துப் பழைய வால்வுகளைத் தேடும் நண்பர்களிடம் நான் இப்போது வெளிப்படையாகச் சொல்கிறேன், இந்தச் சுற்றில் அந்தப் பணத்தை ஹெட்போனில் போடுங்கள், மாற்றம் முதல் நொடியிலேயே கேட்கும்.

சன்டாராவை நண்பர் எடுத்துப்போய்விட்டார், அதற்கு ஓ2 போதும், கரண்ட் தாராளம், தவில் சுத்தமாக வருகிறது. கிராடோவும் ஓ2-வில்தான். டிடி 990 இரண்டிலும் ஓடுகிறது. எச்டி 650 வால்விலேயே இருக்கிறது. ரெசிஸ்டர் பெட்டியை வைத்தால் அதே ஒலி வரும் என்று நானே நிரூபித்திருக்கிறேன், இருந்தாலும் சாயங்காலம் அந்த ஃபிலமென்ட் மெல்லச் சிவக்கிற ஒரு நிமிடம் காத்திருந்து பிளக்கை மாட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ரெசிஸ்டர் பெட்டி தங்கை மகனிடம் போய்விட்டது, அவன் சம்பளத்தில் ஒரு எச்டி 600 வாங்கியிருக்கிறான், கச்சேரிக்கு 120 ஓம் பக்கமும் மற்றதற்கு நேர் பக்கமும் தள்ளிக் கேட்கிறானாம். அடுத்து அவனுக்கு 60 ஓம், 120 ஓம், 240 ஓம் என்று மூன்று நிலை கொண்ட சுழல் சுவிட்ச் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன்.